வௌவாலின் அலமாரி

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு குரல் குறைந்திருந்தது.

ஹல்ஷ்காவின் அறைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கணினிக் குரல் அது. யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி மூச்சுவிடாமல் புத்தகம் வாசிக்கும். பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. “கொஞ்சம் மெதுவா வச்சுக்கக் கூடாதா?” என்று தம்பி ராதெக் கேட்டால், “மெதுவாப் படிச்சா எனக்குத் தூக்கம் வந்துடுதுடா,” என்பாள்.

இப்போது அந்தக் கணினியும் ஸ்கேனரும் லுப்ளின் நகரப் போலீஸ் நிலையத்தில் இருந்தன. இரண்டு பேர் வந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி எடுத்துப் போனது அந்த அடுக்குமாடிக் கட்டிடம் முழுக்கத் தெரிந்துபோன விஷயம். இணையத்தில் ‘வௌவால்’ என்ற பெயரில் ஓர் அலமாரி வைத்து, காப்புரிமை உள்ள புத்தகங்களை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தாள் என்பது குற்றச்சாட்டு.

ஹல்ஷ்கா அதை மறுக்கவில்லை. முப்பது வயதில் பார்வை போனவள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மசாஜ் சிகிச்சை செய்கிறாள். சாயங்காலங்களில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேனரில் கவிழ்த்து, எழுத்துப் பிழைகளைக் காதால் கேட்டுத் திருத்தி வைத்துக்கொள்வாள். முதலில் தனக்காக. அப்புறம் தன்னைப் போன்ற நாலு பேர் கேட்டார்கள். அப்புறம் நாற்பது பேர். அலமாரியின் தலைப்பில் வேடிக்கையாக ஒரு வரி போட்டு வைத்தாள்: ‘கண் தெரிந்தவர்களும் வரலாம். இங்கே பாகுபாடு கிடையாது.’ கண் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள்.

புகார் கொடுத்தது யார் என்று போலீஸ்காரர்கள் சொல்லவில்லை.

சொல்லித் தெரிய வேண்டிய அவசியம் இல்லாத ஒருத்தி அப்போது சமையலறையில் நின்றிருந்தாள். ராதெக்கின் மனைவி போக்னா. ‘வௌவால்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே கையில் இருந்த கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டாள். யாவோர் பதிப்பகத்தில் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் அவள். நவம்பர் மாதம் அந்த அலமாரியைத் தேடிக் கண்டுபிடித்துப் புகார் எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

*

சனிக்கிழமை காலை. ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்து வெளியே எதுவும் தெரியவில்லை. மேஜைமேல் வெங்காய ரொட்டி, வெண்பாலாடைக்கட்டி, கண்ணாடித் தம்ளர்களில் தேநீர்.

ராதெக் பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டே பேசினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஹெல்ம் நகர ஆஸ்பத்திரியில் ஒரு லிஃப்ட் நின்றுபோய், விடுமுறை நாளிலும் கூப்பிட்டுவிட்டார்கள்.

“புகார் கொடுத்தவன் மட்டும் ஒரு நாள் என் லிஃப்டுல ஏறட்டும். அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல நிறுத்திடுவேன். ஒரு வாரம் கழிச்சுதான் கதவைத் திறப்பேன்.”

“சாப்பாடு?” என்று ஹல்ஷ்கா கேட்டாள்.

“கதவு இடுக்குல ரொட்டி தள்ளிவிடுவேன்.”

“வெண்ணெய் தடவிக் கொடுடா. பாவம்.”

ராதெக்கின் மகள் மால்வினா சிரித்தாள். பதினேழு வயது. இரண்டு வாரமாக அவளைப் பிடித்து வீட்டில் உட்கார வைக்க முடியவில்லை. கள்ளப் பிரதிகளைத் தடுக்கிறோம் என்று பல நாடுகள் சேர்ந்து எழுதிய ஆக்டா ஒப்பந்தத்தில் அரசாங்கம் கையெழுத்துப் போட்டதிலிருந்து, போலந்து நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் தெருவில்தான் இருந்தார்கள். பிரதமரே கொஞ்சம் இறங்கி வந்து பேசுகிறார் என்று செய்தி வந்திருந்தது. அன்றைக்கு ஐரோப்பா முழுக்க ஊர்வலம்.

“அத்தை, இன்னிக்கு நீ பேசியே ஆகணும். ஊர்வலம் நடத்தற கைட்டன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டான்.”

“மேடை ஏறினா விழுந்து வைப்பேன்டி. அரசாங்கம் குருடியைத் தள்ளிவிட்டுச்சுன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்.”

“வந்தா நல்லதுதானே!”

“பாத்தியா ராதெக், உன் பொண்ணு என்னை எதுக்கு வளக்கிறான்னு?”

போக்னா அடுப்பைத் துடைத்துக்கொண்டே திரும்பாமல் சொன்னாள். “வழக்கு நடக்கறப்போ வெளியில பேசறது சரியா ஹல்ஷ்கா? குளிர் வேற இப்படி இருக்கு. வேணாமே.”

“ஏன் இப்படி நடுங்கறே?” ஹல்ஷ்காவின் முகம் அவள் இருந்த பக்கம் திரும்பியது. “போலீஸ் வந்தது எனக்காகவா, உனக்காகவா?”

எல்லோரும் சிரித்தார்கள். போக்னாவும் சிரித்தாள். அடுப்பில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை என்றாலும் இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள்.

“பாலாடைக்கட்டி தீர்ந்துடுச்சு. வாங்கிட்டு வந்துடறேன்,” என்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

*

யாவோர் பதிப்பகம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்னால் சின்னப் புத்தகக் கடை, பின்னால் அலுவலகம். முதலாளி லுத்வீக் க்ரேபா, மரியாதையாக எல்லோருக்கும் ‘பான்’ லுத்வீக், சனிக்கிழமைகளில் தனியாக வந்து பார்சல் கட்டுவார். கம்பளிச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. போக்னாவைப் பார்த்ததும் கயிற்றை வாயிலிருந்து எடுத்தார்.

“என்ன, லீவு நாள்ல?”

“பான் லுத்வீக், அந்த வௌவால் புகாரைத் திரும்ப வாங்கிக்கணும்.”

அவர் உட்கார்ந்துகொண்டார். “ஏன்?”

“கண் தெரியாத ஒரு பொம்பளை அது. வீட்டுக்குப் போலீஸ் போயிருக்கு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரிஞ்சவங்க.” என் நாத்தனார் என்று சொல்ல மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள்.

லுத்வீக் நல்ல மனிதர். அதுதான் போக்னாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

“படிச்சுட்டுப் போகட்டும், நான் வேணாம்னு சொல்லலையே. ஆனா நம்ம எழுத்தாளர் பானி செவெரினாவோட மூணு நாவலும் அங்க இருந்துச்சு. இறக்கினவங்க எல்லாம் கண் தெரியாதவங்களா? அந்தம்மா ஸமோஷ்ச்சுல தனியா இருக்காங்க. கை நடுங்குது, பேனா பிடிக்க முடியல. மாசாமாசம் எனக்குப் போன் பண்ணி, ‘என்னை ஜனங்க மறந்துட்டாங்களா லுத்வீக்?’னு கேக்கறாங்க. மறக்கலம்மா, காசு குடுக்காம படிக்கறாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?”

போக்னா தரையைப் பார்த்தாள்.

“நீதானே தேடி எடுத்து எழுதினே. நான் கையெழுத்துதானே போட்டேன். இப்ப நீயே வந்து...” நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு பண்ணலாம். அவங்களை இங்க கூட்டிட்டு வா. நேருக்கு நேர் உக்காந்து பேசட்டும். அந்தம்மா விஷயத்துல தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். திங்கக்கிழமையே போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன். எனக்கென்ன, ஒரு பொம்பளையை ஜெயில்ல போட ஆசையா?”

இவ்வளவுதான். ஒரு வாய் திறந்தால் முடிந்துவிடுகிற விஷயம்.

“சரி,” என்றாள் போக்னா.

வெளியே வந்து சந்து முனையில் நின்றாள். ஹல்ஷ்காவைக் கூட்டிவர வேண்டுமானால் ஏன் இந்த வாசலுக்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். ‘நான்தான்னு தெரிஞ்சே எழுதினியா?’ என்று ஹல்ஷ்கா கேட்பாள்.

தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லலாம். உலகமே நம்பும். ஆனால் நவம்பரில் அந்தத் தலைப்பு வரியைத் திரையில் பார்த்த நிமிஷம் அவளுக்கு நினைவிருந்தது. ‘கண் தெரிந்தவர்களும் வரலாம். இங்கே பாகுபாடு கிடையாது.’ படித்தவுடன் காதில் ஹல்ஷ்காவின் குரல் கேட்டது. அவள் பேசுகிற மாதிரியே இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. அலமாரியில் இருந்த செவெரினாவின் மூன்று நாவல்களும் போக்னாவே பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஹல்ஷ்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தவை.

அதற்கு முந்தின ராத்திரிதான் தெரிந்திருந்தது, மால்வினா பொருளாதாரம் படிக்கப்போவதில்லை, செவிலியர் படிப்புக்குப் போகப்போகிறாள் என்று. அத்தைக்கு அது செப்டம்பரிலேயே தெரியும். அம்மாவுக்குக் கடைசியில். அதுவும் பேச்சுவாக்கில்.

போக்னா அன்றைக்கு அந்தச் சந்தேகத்தை இன்னொரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. மடமடவென்று எழுதி முதலாளி மேஜையில் வைத்தாள்.

பாலாடைக்கட்டி வாங்க மறந்துபோய் வீட்டுக்குப் போனாள்.

*

லித்தெவ்ஸ்கி சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. காகித முகமூடிகள், வாயில் நாடா ஒட்டிக்கொண்ட பெண்கள், குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்ட அப்பாக்கள். ‘எங்கள் இணையத்தில் கை வைக்காதே!’ என்று ஒரு பக்கம் ஆரம்பித்தால் மறுபக்கத்திலிருந்து எதிரொலி மாதிரி திரும்பி வந்தது. வாயிலிருந்து கிளம்பிய ஆவி எல்லாம் சேர்ந்து தலைகளுக்குமேல் மேகம்போல நின்றது.

போக்னாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஹல்ஷ்கா வந்தாள். வேண்டாம் என்று டிராலிபஸ் ஏறும்வரை சொல்லிப் பார்த்தாயிற்று. கடைசியில், “நான் மால்வினாவோட போய்க்கறேன், நீ வீட்ல இரு,” என்று ஹல்ஷ்கா சொல்ல, போக்னா வாயை மூடிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

கைட்டன் சட்டம் படிக்கிற பையன். குச்சி மாதிரி உடம்பு, அண்டா மாதிரி குரல். ஹல்ஷ்காவை மேடையேற்றி, கையில் மைக்கைக் கொடுத்தான்.

“என் பேர் ஹல்ஷ்கா. வௌவால்னா உங்கள்ல சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

சதுக்கம் அதிர்ந்தது.

“கத்தாதீங்கப்பா! எனக்குக் காதுதான் மிச்சம். அதையும் பிடுங்கிடாதீங்க.”

சிரிப்பு. அப்புறம் அமைதி.

“போன வருஷம் ஒரு நாவலைக் காசு குடுத்து இணையத்துல வாங்கினேன். பூட்டுப் போட்ட புத்தகம். என் கணினியால அதை வாய்விட்டுப் படிக்க முடியல. கடைக்குப் போன் பண்ணினேன். ‘உங்களுக்குப் படிச்சுக்காட்ட வீட்ல யாரும் இல்லையா மேடம்?’னு கேட்டான். இருக்காங்கப்பா. என் தம்பி பொண்டாட்டி இருக்கா. நாள் பூரா புத்தகத்தோட மல்லுக்கட்டிட்டு வர்றவ. ராத்திரியும் அவளை உக்கார வச்சுப் படின்னு சொல்றதா? அவளே எனக்கு அச்சுப் புத்தகமா வாங்கிட்டு வந்து குடுத்தா. நான் ஸ்கேன் பண்ணிப் படிச்சேன். காசு குடுத்தவளுக்குப் படிக்க முடியல, திருடினாத்தான் படிக்க முடியும்னா, அந்தப் பூட்டு யாருக்காகப் போட்டது? இப்ப ஒப்பந்தம்னு இன்னும் பெரிய பூட்டு வாங்கிட்டு வர்றாங்க.”

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் கையுறையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மால்வினா அம்மாவின் தோளைப் பிடித்து அழுத்தினாள். “உன்னைப் பத்திச் சொல்றாம்மா!” போக்னாவுக்குத் தோள் எரிந்தது.

“ஆனா ஒண்ணு,” என்றாள் ஹல்ஷ்கா. குரல் இறங்கியது. “நான் கதவைத் திறந்து வச்சுட்டேன். எனக்கும் என்னைப் போல இருக்கறவங்களுக்கும் மட்டும்னு வச்சிருக்கலாம். நாலு பேர் நன்றின்னு எழுதினா மனசு குளிருது பாருங்க, அதுக்காகத் திறந்து வச்சேன். அந்தக் கதையை எழுதினவங்க எங்கேயோ ஒரு வீட்ல உக்காந்து, நம்மளை யாரும் படிக்கறதில்லன்னு நினைச்சிட்டிருப்பாங்களோன்னு இந்த மூணு நாளா யோசிக்கறேன். அதுக்கு நான்தான் பதில் சொல்லணும். நீங்க இல்ல.”

கூட்டத்துக்கு இது பிடிபடவில்லை. கொஞ்சம் தாமதித்துத்தான் கைதட்டினார்கள்.

அப்போதுதான் கைட்டனின் கைப்பேசி அடித்தது. கேட்டான். முகம் சிவந்தது. மைக்கை வாங்கினான்.

“இவங்களோட வக்கீல் போலீஸ் கோப்பைப் பாத்துட்டார். புகார் குடுத்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. வார்ஸா இல்ல, அமெரிக்கா இல்ல! நம்ம ஊர்லயே, ரெண்டு தெரு தள்ளி. யாவோர் பதிப்பகம்!”

மால்வினா சடாரென்று திரும்பினாள். “அம்மா! உன் ஆபீஸ்!”

போக்னா வாயைத் திறந்தாள்.

“உனக்குத் தெரியாதா?”

“தெரியாது,” என்றாள் போக்னா.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மகள் ஒரு வினாடிகூடச் சந்தேகப்படவில்லை. “அந்தாள் உனக்குத் தெரியாம பண்ணியிருக்கார்! உன்கூட ஒரே அறையில உக்காந்துக்கிட்டே! நான் வழி காட்டறேன், எல்லாரும் வாங்க!” என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டாள்.

மேடையிலிருந்து இறங்கிய ஹல்ஷ்கா கையை நீட்டிப் போக்னாவின் முழங்கையைத் தேடிப் பிடித்தாள். “என்னையும் கூட்டிட்டுப் போ. இந்தப் பிள்ளைங்க ஏதாவது பண்ணி வைக்கப்போகுது.”

*

சந்து குறுகல். நூறு பேர் வந்தாலே அடைத்துக்கொள்ளும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ‘வெட்கம்! வெட்கம்!’ என்ற சத்தம் சுவர்களில் மோதிக்கொண்டிருந்தது. யாரோ எறிந்த பனிக்கட்டிக்குள் கல் இருந்திருக்க வேண்டும். கடையின் காட்சிக் கண்ணாடி குலுங்கிச் சரிந்தது. செவெரினாவின் புத்தகங்கள்மேல் சில்லுகள் கொட்டின.

கதவைத் திறந்துகொண்டு லுத்வீக் வெளியே வந்தார். கோட்டு இல்லை. நெற்றியோரம் சின்னதாக ரத்தம். கையில் இன்னும் அந்தக் கயிறு.

“ஆமா,” என்றார். “புகார் என் பதிப்பகத்துது. கையெழுத்து என்னுது.”

“யாரை வச்சு வேவு பாத்தீங்க?” என்று கைட்டன் கேட்டான். “ஆள் வச்சீங்களா? பேர் சொல்லுங்க!”

லுத்வீக்கின் கண்கள் கூட்டத்தில் அலைந்தன. போக்னாமேல் வந்து நின்றன. அவள் கையைப் பிடித்திருந்த, கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்மேல் இறங்கின. அவருக்குப் புரிந்துவிட்டது என்று போக்னாவுக்குத் தெரிந்தது.

அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். “எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. வேற யாரும் இல்ல.”

“பொய்!” “திருடனுக்குத் திருடன்!” யாரோ இன்னொரு பனிக்கட்டியை எடுக்கக் குனிந்தார்கள். முன்வரிசையில் மால்வினா, தொண்டை கிழிய, “எங்கம்மாவுக்குக்கூடச் சொல்லாம பண்ணியிருக்கீங்க!” என்றாள்.

அந்த வார்த்தையைத்தான் போக்னாவால் தாங்க முடியவில்லை.

“போதும்!” என்றாள் போக்னா. அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “நான்தான் எழுதினேன்.”

சந்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தேடிக் கண்டுபிடிச்சது நான். புகாரை எழுதினது நான். அவர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். கல்லை என்மேல எறிங்க.”

யாரும் எறியவில்லை. மால்வினாவின் முகமூடி கையிலிருந்து நழுவியது. கைட்டன் படம் பிடித்துக்கொண்டிருந்த கைப்பேசியை இறக்கினான். பின்னால் இருந்தவர்கள் ஒருவர் இருவராகக் கலைய ஆரம்பித்தார்கள். அடுத்த வீட்டுச் சண்டைக்குள் நுழைந்துவிட்ட கூச்சம் அவர்கள் நடையில் இருந்தது.

ஹல்ஷ்காவின் கை இன்னும் போக்னாவின் முழங்கையில்தான் இருந்தது. மசாஜ் மேஜையில் கிடக்கிற நோயாளியிடம் பேசுகிற குரலில் மெதுவாகக் கேட்டாள்.

“நான்தான்னு தெரியாம எழுதிட்டே. இல்லையா?”

ஹல்ஷ்கா தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டாள். உள்ளே நுழைந்தால் போதும். ஆமாம் என்று ஒரு சொல். அதற்கப்புறம் அழலாம், கட்டிக்கொள்ளலாம், ராத்திரி ராதெக் கொஞ்சம் கத்துவான், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாகிவிடும். மால்வினாகூட அம்மாவின் முகத்தையே பார்த்தபடி அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

“சந்தேகம் வந்துச்சு,” என்றாள் போக்னா.

“எப்ப?”

“அந்தத் தலைப்பைப் படிச்சப்பவே. உன் பேச்சு மாதிரியே இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல.”

“ஏன்?”

“மால்வினா படிப்பு விஷயம் உனக்கு முதல்ல தெரிஞ்சுது. எனக்கு ஆத்திரம்.” சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே கூசியது. “இன்னும் ஒண்ணு இருக்கு. காலையில பாலாடைக்கட்டி வாங்கப் போகல. இங்கதான் வந்தேன். நீ நேர்ல வந்து பேசினா புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்னு பான் லுத்வீக் சொன்னார். உன்கிட்ட சொல்லல. சொன்னா நான் மாட்டிக்குவேன்னு சொல்லல.”

ஹல்ஷ்கா கையை எடுத்தாள். உதறவில்லை. ஒரு சாமானை மேஜைமேல் திரும்ப வைப்பதுபோல எடுத்தாள்.

“அத்தை...” என்று மால்வினா ஓடிவந்தாள். அழுதுகொண்டிருந்தாள். “நான்தான் இவங்களை இங்க கூட்டிட்டு வந்தேன். கண்ணாடி என்னாலதான்...”

“கண்ணாடிக்கு நீ பதில் சொல்லு. அழுகையை அப்புறம் வச்சுக்கோ. துடைப்பம் எங்கேன்னு கேட்டுப் பெருக்கு.” பிறகு ஹல்ஷ்கா கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “பான் லுத்வீக், அங்கதானே இருக்கீங்க? மூச்சு கேக்குது.”

“இருக்கேன்மா.”

“நெத்தியில அடிபட்டிருக்குன்னு யாரோ சொன்னாங்க. உள்ள தேநீர் போட அடுப்பு இருக்கா?”

“இருக்கு.”

“அப்போ உக்காந்து பேசுவோம். மூணு நாவலைப் பத்தியும் பேசணும், அதை எழுதினவங்களைப் பத்தியும் பேசணும். அவங்க போன் நம்பர் வேணும் எனக்கு. தப்புன்னு சொல்லணும்னா உங்ககிட்ட இல்ல, அவங்ககிட்ட சொல்லுவேன்.”

“அதுதான்மா நியாயம். பாத்து, ரெண்டு படி இருக்கு.” அவர் கையை நீட்டினார்.

போக்னாவும் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

“நீ வேணாம்,” என்றாள் ஹல்ஷ்கா, திரும்பாமல். “நீ வெளிய இரு. எனக்கு உன்மேல கோபமா என்னன்னே இன்னும் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்.”

கதவு சாத்திக்கொண்டது.

சந்தில் இரண்டே பேர்தான் மிச்சம். மால்வினா சில்லுகளைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. குளிரில் அவள் மூக்கு சிவந்திருந்தது. கழுத்துத் துண்டை இழுத்துச் சுற்றிவிடப் போக்னாவுக்குக் கை எழுந்தது. எழுந்த கையைக் கீழே போட்டுக்கொண்டாள்.

“மால்வினா.”

“சதுக்கத்துல கேட்டேன்ல. தெரியாதுன்னு சொன்னே.”

“ஆமா.”

“நான் நம்பினேன்.” குனிந்து ஒரு சில்லை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தரையில் போட்டாள். “அப்பா ஆறு மணிக்கு வந்துடுவார். வரும்போதே கைட்டன் போட்ட வீடியோவைப் பாத்திருப்பார். நூறு பேர் போன் பிடிச்சுட்டு நின்னாங்க. பேர் சொல்லி உன்னைத் திட்ட ஆரம்பிச்சிருப்பாங்க இந்நேரம்.”

போக்னா கையுறையைக் கழற்றினாள். விரல்கள் விறைத்திருந்தன. கைப்பேசியில் ராதெக்கின் பெயரைத் தேடி அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டானோ என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதிக்காகவும் வெட்கப்பட்டாள்.

எடுத்துவிட்டான். பின்னால் சுத்தியல் சத்தம். ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் எதையும் பார்த்திருக்கவில்லை.

“என்ன போக்னா, ஜெயிச்சாச்சா? எங்கக்கா பிரதமரை இறக்கிட்டாளா?”

“ராதெக்,” என்றாள் போக்னா. “சுத்தியலைக் கீழ வச்சுட்டு உக்காரு. நான் சொல்றதை முழுசாக் கேளு.”